செட் பண்றது வேற, கமிட் பண்றது வேற: சிஸ்டம் கான்ஃபிகுக்கு நாமளே ஒரு சின்ன ஷெல் எழுதுறது

நான் பினாங்குல பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு சின்ன ஐடி சப்போர்ட் ஆபீஸ்ல வேலை செய்றேன். பெரிய வேலை ஒன்னும் இல்ல லா, கஸ்டமருங்க கிளை ஒவ்வொன்னுலயும் ஒரு சின்ன லினக்ஸ் பெட்டி இருக்கும், அதோட நெட்வொர்க், நேரம், டிஎன்எஸ், பிரிண்டர் இதெல்லாம் ஒழுங்கா ஓடணும், அவ்ளோதான். போன வருஷம் ஒரு ராத்திரி, புதுசா சேர்ந்த தம்பி ஒருத்தன் கோலாலம்பூர்ல இருக்கற ஒரு பெட்டிக்குள்ள எஸ்எஸ்ஹெச்ல (தூரத்துலேர்ந்தே பெட்டிக்குள்ள போற வழி) போயி, நேனோங்கற எடிட்டர்ல கான்ஃபிக் (அமைப்புங்களை எழுதி வெச்சிருக்கற) ஃபைலைத் திறந்து, கேட்வே (பெட்டி வெளிய போற வாசலோட முகவரி) மாத்துறேன்னு 192.168.10.1 இருக்க வேண்டிய இடத்துல ஒரு சைபரை விட்டுட்டு 192.168.1.1னு அடிச்சுட்டான். சேவ், ரீஸ்டார்ட், எண்டர். ஸ்க்ரீன் அப்படியே நின்னுச்சு, அவனும் அப்படியே நின்னான். காலையில கடை திறக்கறதுக்குள்ள யாராச்சும் அங்க நேர்ல போய் நிக்கணும், பாலத்தைத் தாண்டி ஹைவேல நாலு மணி நேரம், யாரு காடி ஓட்டிக்கிட்டு போனதுன்னு நான் சொல்லணுமா என்ன.

திரும்பி வர்றப்போ தாப்பால நிப்பாட்டி ஒரு கோப்பி குடிச்சுக்கிட்டே யோசிச்சேன். புதுப் பையன் கையில ரூட் (எல்லா உரிமையும் உள்ள அக்கவுண்ட்) பாஸ்வேர்டையும் ஒரு எடிட்டரையும் குடுத்துட்டு "பார்த்து செய்டா"ன்னு சொன்னது நாங்க. நேனோவுக்கு ஐபின்னா என்னன்னு தெரியாது, கேட்வேன்னா என்னன்னு தெரியாது, அதுக்கு எல்லாமே வெறும் எழுத்து, கேட்வே இருக்கற இடத்துல நாசி லெமாக்னு அடிச்சாலும் சிரிச்சுக்கிட்டே சேவ் பண்ணிடும். ஆக, கேள்வி கேக்கற ஒரு ஆளை நடுவுல உட்கார வைக்கணும், அந்த ஆள்தான் இந்தக் கட்டுரையில வர்ற ஷெல்.

முதல்ல ஷெல்னா என்னான்னு பார்த்துடலாம். அந்தப் பேரை 1960கள்ல மல்டிக்ஸ்ங்கற பழைய ஆபரேட்டிங் சிஸ்டம் காலத்துல வெச்சவரு லூயி பூஸான்னு ஒரு பிரெஞ்சுக்காரர், அப்புறம் 1971ல யூனிக்ஸ்ல கென் தாம்ஸன் எழுதினது, 1979ல போர்ன் ஷெல், 1989ல நாம இன்னைக்கும் தினமும் அடிக்கற பேஷ். வரலாறு இவ்ளோ போதும். உள்ள நடக்கறது என்னமோ சின்ன வேலைதான்: ஒரு வரியைப் படி, என்ன கேக்கறாங்கன்னு புரிஞ்சுக்கோ, செய், பதில் சொல்லு, மறுபடியும் முதல்லேர்ந்து. மாமாக் கடையில உட்கார்ந்து "தே ஓ ஐஸ் ஒன்னு, குராங் மானிஸ்"னு சொல்றோம்ல, அது ஒரு கமாண்ட், குராங் மானிஸ்ங்கறது ஆப்ஷன். எடுக்கற ஆள் அதைத் திருப்பி ஒரு தடவை சொல்லிப் பார்ப்பாரு, கடையில இல்லாததைக் கேட்டா முகத்தைப் பார்த்தே தெரிஞ்சிடும், எல்லாம் சரின்னு தெரிஞ்சப்புறம்தான் உள்ள பார்த்து சத்தம் போடுவாரு. இந்த "திருப்பிச் சொல்றது"க்கும் "உள்ள சத்தம் போடுறது"க்கும் நடுவுல இருக்கற அந்த ரெண்டு வினாடி இருக்கு பாருங்க, அதுக்குள்ள நீங்க மனசு மாறி கோப்பி கேக்கலாம். நேனோல அந்த ரெண்டு வினாடி கிடையாது.

நெட்வொர்க் ஆளுங்களுக்கு இதெல்லாம் பழைய கதை. சிஸ்கோ ரூட்டர்ல கான்ஃபிக் மோடுக்குள்ள போனா ப்ராம்ப்டே (அடிக்கற இடத்துக்கு முன்னாடி நிக்கற குறி) மாறிடும், கேள்விக்குறி அடிச்சா அடுத்து என்ன அடிக்கலாம்னு காட்டும். ஆனா அங்க ஒவ்வொரு வரியும் எண்டர் தட்டின உடனே நிஜமாவே மாறிடும், அதைத்தான் ரன்னிங் கான்ஃபிக்னு சொல்வாங்க, அதை ஸ்டார்ட்அப் கான்ஃபிகுக்கு காப்பி பண்ணாம விட்டா கரண்ட் போய் வந்ததும் பழசுக்கே போயிடும். ஜூனிப்பர் கம்பெனி ரூட்டர்ல வேற மாதிரி, நீங்க எவ்ளோ அடிச்சாலும் அது கேண்டிடேட்னு ஒரு தனி பிரதியிலதான் சேரும், கமிட் அடிச்சாத்தான் பெட்டிக்குத் தெரியும், பழைய கான்ஃபிகும் 50 வரைக்கும் வெச்சிருக்கும், ரோல்பேக் 0லேர்ந்து 49 வரைக்கும். லினக்ஸ்லயும் ஐஸ்கஸி (நெட்வொர்க் வழியா டிஸ்க் குடுக்கற முறை) ஸ்டோரேஜ் செட் பண்ண டார்கெட்சிஎல்ஐ, கான்ஃபிக் ஃபைலுங்களையே ஒரு மரம் மாதிரி காட்டுற ஆக்டூல்னு இந்த வகை ஷெல் இருக்கு. என்னைக் கேட்டா புதுசா எழுதறவங்க ஜூனிப்பர் வழியிலதான் போகணும், சிஸ்கோ வழி கையில பல வருஷம் பழகின ஆளுங்களுக்கு.

எங்க ஷெல்ல ஒரு செஷன் எப்படி இருக்கும்னு காட்டுறேன். வசதிக்கு எல்லாத்தையும் தமிழ் எழுத்துலயே போடுறேன், நீங்க அடிக்கறப்போ இங்கிலீஷ்லதான் அடிக்கணும், குழம்பிக்காதீங்க.

பெட்டி> ஷோ
ஹோஸ்ட்நேம்: கிளை-07
முகவரி: 192.168.10.5/24
கேட்வே: 192.168.10.254
டைம்ஸோன்: யூடிசி
பெட்டி> செட் டைம்ஸோன் ஏசியா/கோலா_லம்பூர்
பெட்டி*> செட் கேட்வே 192.168.1.1
பெட்டி*> டிஃப்
- கேட்வே: 192.168.10.254
+ கேட்வே: 192.168.1.1
- டைம்ஸோன்: யூடிசி
+ டைம்ஸோன்: ஏசியா/கோலா_லம்பூர்
பெட்டி*> கமிட்
தப்பு: கேட்வே 192.168.1.1, உங்க நெட்வொர்க் 192.168.10.0/24க்குள்ள இல்ல. எதையும் மாத்தல.

/24னா முதல் மூணு நம்பரும் ஒத்துப்போகணும்னு அர்த்தம், அதனால கேட்வேயும் 192.168.10லதான் ஆரம்பிக்கணும். அந்த ராத்திரி இது இருந்திருந்தா நான் வீட்லயே தூங்கியிருப்பேன். ப்ராம்ப்ட்ல ஒரு நட்சத்திரம் வந்து உட்கார்ந்ததைக் கவனிச்சீங்களா, இன்னும் கமிட் ஆகாத மாத்தம் இருக்குன்னு அர்த்தம், ஒரே ஒரு எழுத்துதான், ஆனா ஃபோன் வந்து நடுவுல எழுந்து போயிட்டு அரைமணி கழிச்சு வந்து உட்கார்றவனுக்கு அது பெரிய உபகாரம்.

இப்போ எழுதறதுக்கு வருவோம். பைத்தான்ல சிஎம்டின்னு ஒரு மாட்யூல் பைத்தான் கூடவே வருது, தனியா எதுவும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம். அதுல இருக்கற கிளாஸை எடுத்து நம்ம கிளாஸை அதுக்கு வாரிசா எழுதணும், அப்புறம் டூ_ஷோ, டூ_செட், டூ_கமிட்னு ஃபங்ஷன் எழுதிக்கிட்டே போனா, டூ_ங்கறதுக்கு அப்புறம் வர்ற பேரு தானா கமாண்டா மாறிடும். ஃபங்ஷனோட முதல் வரியில எழுதுற விளக்கம்தான் ஹெல்ப் அடிச்சா வர்றது, கேள்விக்குறி அடிச்சாலும் அதே. ஃபங்ஷன் ட்ரூன்னு திருப்பி அனுப்பினா லூப் முடிஞ்சிடும், டூ_எக்ஸிட் எழுத அது போதும். கடைசில சிஎம்டிலூப்பைக் கூப்பிட்டா ப்ராம்ப்ட் வந்து நிக்கும், ஒரு மத்தியான நேரத்துல எழுதிடலாம், அப்பவே ரொம்ப சந்தோஷமா இருக்கும்.

அந்த சந்தோஷத்துல ஒரு கண்ணி வெடி இருக்கு, நான் மிதிச்சேன், நீங்க மிதிக்காதீங்க. இந்த சிஎம்டில வெறும் எண்டர் தட்டினா சும்மா இருக்காது, கடைசியா அடிச்ச கமாண்டை மறுபடியும் ஓட்டும். டீபக்கர்ல அடுத்தடுத்த வரிக்குப் போறதுக்கு அது சுகமா இருக்கலாம், நம்ம வேலைக்கு விஷம். நான் ரீஸ்டார்ட்னு ஒரு கமாண்ட் எழுதி வெச்சிருந்தேன், அடிச்சேன், ஓடிச்சு, ஸ்க்ரீன் நெருக்கமா இருக்கேன்னு பழக்கதோஷத்துல ரெண்டு தடவை எண்டர் தட்டினேன், கஸ்டமர் கவுண்டர்ல ஆள் நிக்கறப்போ சர்வீஸ் வரிசையா மூணு தடவை விழுந்து எழுந்துச்சு. எம்ப்டிலைன்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, அதை நம்ம கிளாஸ்ல எழுதி உள்ள ஒன்னும் செய்யாம விட்டுடுங்க, ரெண்டு வரிதான். ஷெல் எழுதறவங்க முதல் கமாண்ட் எழுதறதுக்கு முன்னாடியே இதை எழுதிடணும்னு நான் இப்போ பார்க்கறவங்ககிட்டல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறேன்.

அடுத்தது கண்ட்ரோல் டி. அதை அடிச்சா சிஎம்டி அதை இஓஎஃப் (ஃபைல் முடிஞ்சுதுன்னு அர்த்தம்)னு ஒரு கமாண்டாவே எடுத்துக்கும், நீங்க டூ_இஓஎஃப் எழுதலன்னா "தெரியாத கமாண்ட்"னு சொல்லிட்டு அங்கேயே நிக்கும். ஆள் அடிக்கறப்போ பரவால்ல, ஆனா யாராச்சும் ஒரு ஃபைலை பைப் வழியா உள்ள ஊத்தினாங்கன்னா, ஃபைல் முடிஞ்சதும் அதே வரி நிக்காம ஓடிக்கிட்டே இருக்கும். கண்ட்ரோல் சி வேற, அதைப் பிடிக்கலன்னா முழு ஷெல்லும் ஒரு நீளமான எரர் கக்கிட்டு விழும், கூடவே கமிட் ஆகாத மாத்தமும் போயிடும், பேஷ் பழகின கை அடிச்ச வரியை அழிக்க கண்ட்ரோல் சி அடிக்கும், அதனால அதைப் பிடிச்சு வரியை மட்டும் அழிச்சுட்டு ப்ராம்ப்டைத் திருப்பிக் குடுங்க. அடிக்கற வரியை வெறும் ஸ்பேஸ் வெச்சு உடைக்காதீங்க, ஷெலெக்ஸ் மாட்யூல்ல ஸ்ப்ளிட் இருக்கு, மேற்கோள் குறிக்குள்ள வர்ற ஸ்பேஸை அது சரியா பார்த்துக்கும்.

செட் அடிச்சா என்ன நடக்கணும்? ரெண்டு டிக்‌ஷனரி வெச்சுக்கோங்க, ஒன்னு பெட்டியில இப்போ நிஜமா இருக்கறது, இன்னொன்னு அதோட பிரதி. செட் பிரதியைத்தான் தொடணும், டிஃப் ரெண்டையும் ஒப்பிடணும், டிஸ்கார்ட் பிரதியைத் தூக்கிப்போட்டு புதுசா எடுக்கணும். ஃபைலைத் தொடுற உரிமை கமிட்டுக்கு மட்டும்தான். இந்த ஒரு விஷயத்துல கறாரா இருந்தீங்கன்னா மத்ததெல்லாம் கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் பரவால்ல.

சரிபார்க்கறதுல ரெண்டு வகை. ஒன்னு, அடிச்சது தனியா பார்த்தா சரியா, அதாவது ஐபின்னா ஐபி மாதிரி இருக்கா, அதை செட் அடிக்கறப்பவே சொல்லிடலாம். இன்னொன்னு, மத்ததோட சேர்த்துப் பார்த்தா சரியா, மேல பார்த்த கேட்வே மாதிரி, அதை கமிட்லதான் பார்க்கணும், ஏன்னா முகவரியையும் கேட்வேயையும் ஒரே நேரத்துல மாத்த வேண்டியிருக்கும், முதல் வரியிலயே கத்தினா ரெண்டாவது வரியை அடிக்கவே முடியாது. இதுக்கு பைத்தான்ல ஐபிஅட்ரஸ்னு மாட்யூல் இருக்கு, ஒரு முகவரி ஒரு நெட்வொர்க்குக்குள்ள இருக்கான்னு ஒரே வரியில கேட்டுடலாம்.

டைம்ஸோன் கதை தனி. எங்க ஆளுங்க கோலாலம்பூரை எத்தனை விதமா அடிப்பாங்கன்னு ஒரு புஸ்தகம் போடலாம், சேர்த்து அடிப்பாங்க, நடுவுல ஸ்பேஸ் விடுவாங்க, வெறும் கேஎல்னு அடிப்பாங்க. லினக்ஸுக்கு நடுவுல அண்டர்ஸ்கோர் வேணும், ரெண்டு பெரிய எழுத்தும் சரியா இருக்கணும். ஒரு அண்ணே "பேரு எதுக்கு, ப்ளஸ் எட்டுன்னு போட்டா முடிஞ்சுது"ன்னாரு. தீபகற்ப மலேசியா 1981 கடைசி வரைக்கும் ஏழரை மணி நேரத்துல இருந்து, 1982 ஜனவரி 1லதான் எட்டுக்கு வந்துச்சு, அந்த மாதிரி பழைய கணக்கெல்லாம் ஸோன் பேருக்குள்ளதான் இருக்கு, வெறும் நம்பர்ல இல்ல. அதனால பேரைத்தான் வாங்கணும், வாங்கறப்போ பெட்டியில ஸோன்இன்ஃபோ ஃபோல்டர் இருக்கும், அதுக்குள்ள அந்தப் பேர்ல ஃபைல் இருக்கான்னு பார்த்துட்டு ஏத்துக்கணும்.

இதைவிட நல்லது, அடிக்கவே விடாம டேப் தட்ட வைக்கறது. கம்ப்ளீட்_செட்னு ஒரு ஃபங்ஷன் எழுதினா, டேப் தட்டறப்போ அது கூப்பிடப்படும், நீங்க பொருந்துற பேருங்களை லிஸ்டா குடுக்கணும். இங்க நான் ஒரு சாயங்காலம் முழுக்க முட்டிக்கிட்டேன்: ஏசியா ஸ்லாஷ் கே யூ வரைக்கும் அடிச்சு டேப் தட்டினா ஒன்னும் வரல. காரணம், டேப்பைக் கவனிச்சுக்கற பைத்தானோட ரீட்லைன் மாட்யூல் ஸ்லாஷையும் வார்த்தை பிரிக்கற குறியாத்தான் பார்க்குது, அதனால என் ஃபங்ஷனுக்கு வந்தது வெறும் கே யூ மட்டும், நானோ ஏசியாலேர்ந்து ஆரம்பிக்கற முழுப் பேரோட ஒப்பிட்டுக்கிட்டு இருந்தேன். செட்_கம்ப்ளீட்டர்_டிலிம்ஸ்னு ஒன்னு இருக்கு, அதுல ஸ்லாஷையும் ஹைஃபனையும் எடுத்துட்டு ஸ்பேஸ் மட்டும் விட்டா சரியாயிடும். டேப் வந்ததுக்கு அப்புறம் தப்பா அடிக்கறதே பாதிக்கு மேல நின்னுச்சு, இது கணக்கு எடுத்துச் சொல்லல, என் ஃபோன் ராத்திரி அடிக்கறது குறைஞ்சதை வெச்சு சொல்றேன்.

கமிட் ஃபைல் எழுதறப்போ பழைய ஃபைலையே திறந்து மேல எழுதாதீங்க, பாதியில கரண்ட் போனா பாதி ஃபைல்தான் மிஞ்சும். பக்கத்துல ஒரு தற்காலிக ஃபைல்ல முழுசா எழுதி, எஃப்சிங்க் பண்ணி (அதாவது டிஸ்க்ல நிஜமாவே எழுத வெச்சு), அப்புறம் பேரை மாத்தி பழசு மேல போடணும், ஒன்னு பழசு இருக்கும் இல்லன்னா புதுசு இருக்கும், நடுவுல எதுவும் இருக்காது. தற்காலிக ஃபைல் அதே ஃபோல்டர்லதான் இருக்கணும், டெம்ப் ஃபோல்டர்ல வெச்சா அது வேற டிஸ்க் பகுதியா இருந்து பேர் மாத்தறது முடியாமப் போகலாம். இன்னொன்னு, டெம்ப்ஃபைல் மாட்யூல் உருவாக்கற ஃபைலோட பெர்மிஷன் 600 (சொந்தக்காரர் மட்டும் படிக்கலாம்), பழசு 644ஆ (எல்லாரும் படிக்கலாம்) இருந்திருக்கும், அதை மறந்துட்டு ஹோஸ்ட்ஸ் ஃபைலை (பெட்டிங்க பேருக்கு ஐபி எழுதி வெச்சிருக்கற ஃபைல்) மாத்தினா ரூட்டைத் தவிர வேற யாராலயும் அதைப் படிக்க முடியாது, பார்க்கறவங்களுக்கு என்னமோ "நெட்வொர்க் பிரச்சனை"ன்னு தோணும், மணிக்கணக்கா கேபிளைப் பிடுங்கி மாட்டிக்கிட்டு இருப்பாங்க. ஐஎன்ஐ மாதிரி ஃபைலுக்கு கான்ஃபிக்பார்ஸர் போட்டீங்கன்னா திருப்பி எழுதறப்போ கமெண்ட் வரியெல்லாம் காணாமப் போயிடும், யாரோ ஒரு புண்ணியவான் எழுதி வெச்ச "இதைத் தொடாதே"வும் சேர்த்து. கமெண்ட் முக்கியம்னா ஆக்டூலுக்கு அடியில இருக்கற ஆகியஸ் லைப்ரரியைப் பாருங்க, அது மாறின இடத்தை மட்டும் தொடும்.

அந்தந்த புரோகிராம்கிட்டயே ஒரு வார்த்தை கேட்டுடறதும் நல்லது. எஸ்எஸ்ஹெச் சர்வர், என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் ரெண்டுக்கும் மைனஸ் டின்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, ஓடாம கான்ஃபிகை மட்டும் படிச்சுப் பார்த்து சரியா தப்பான்னு சொல்லும். அதைக் கேட்காம எஸ்எஸ்ஹெச் சர்வரை ரீஸ்டார்ட் பண்றது ஆழம் தெரியாம காலை விடற கதைதான்.

இப்போ முக்கியமான இடம். எல்லா சோதனையும் தாண்டி, இலக்கணப்படி சுத்தமா இருக்கற ஒரு மாத்தமே உங்களை வெளிய தள்ளிப் பூட்டிடலாம், தப்பான விலேன் (நெட்வொர்க்கைப் பிரிக்கற தனிப் பகுதி), தப்பான ஃபயர்வால் வரி, இப்படி. நாசி கண்டார்ல குழம்பை எல்லாம் கலந்து ஊத்தினப்புறம் மீன் குழம்பை மட்டும் திருப்பி எடுங்கன்னு கேக்க முடியுமா, ஆனா பெட்டியில கேக்கலாம், முன்கூட்டியே ஏற்பாடு பண்ணி வெச்சிருந்தா. சிஸ்கோ ஆளுங்க ரிஸ்க்கான வேலைக்கு முன்னாடி "ரீலோட் இன் 10" அடிச்சு வெச்சுப்பாங்க, வெளிய மாட்டிக்கிட்டா பத்து நிமிஷத்துல பெட்டி ரீபூட் ஆகி பழைய ஸ்டார்ட்அப் கான்ஃபிகோட எழுந்துடும். ஜூனிப்பர்ல "கமிட் கன்ஃபர்ம்ட்", நேரம் சொல்லாம விட்டா பத்து நிமிஷம், அதுக்குள்ள இன்னொரு தடவை கமிட் அடிக்கலன்னா தானா பழசுக்குப் போயிடும். உபுண்டுல நெட்பிளான் ட்ரை இதையே 120 வினாடில செய்யுது.

நம்ம ஷெல்லுக்கும் இது வேணும்னு நான் முதல்ல ஷெல்லுக்குள்ளயே ஒரு டைமர் வெச்சேன். ஆபீஸ்ல டெஸ்ட் பண்ணேன், அருமையா ஓடிச்சு. அப்புறம்தான் உறைச்சுச்சு, எஸ்எஸ்ஹெச் கனெக்‌ஷன் போனது தெரிஞ்ச உடனே பெட்டி நம்ம ஷெல்லுக்கு ஹேங்அப் சிக்னல் அனுப்பும், ஷெல் சாகும், உள்ள இருக்கற டைமரும் கூடவே சாகும், அதாவது எந்த விபத்துக்காக வெச்சமோ அந்த விபத்துலயே அது முதல்ல போயிடுது. டைமர் ஷெல்லுக்கு வெளிய இருக்கணும். கமிட் பண்றதுக்கு முன்னாடி பழைய ஃபைலுக்கு ஒரு பேக்கப் எடுத்துட்டு, சிஸ்டம்டியோட (லினக்ஸ்ல சர்வீஸுங்களைப் பார்த்துக்கற புரோகிராம்) ரன் கமாண்டை ஆன் ஆக்டிவ் 120னு கூப்பிட்டு "ரெண்டு நிமிஷம் கழிச்சு இந்த பேக்கப்பைத் திருப்பிப் போடு"ன்னு சிஸ்டம்கிட்டயே ஒப்படைச்சிடுங்க, ஆள் கன்ஃபர்ம்னு அடிச்சா அந்த வேலையை ரத்து பண்ணுங்க. நாம செத்தாலும் சிஸ்டம் அதைச் செய்யும். இந்த வரிசை ரொம்ப முக்கியம், முதல்ல டைமர், அப்புறம்தான் மாத்தம்.

மிச்சம் சில்லறை வேலைங்கதான். பாஸ்வேர்டை கமாண்ட் வரியில வாங்காதீங்க, ஹிஸ்டரி ஃபைல்ல அப்படியே உட்கார்ந்துக்கும், கெட்பாஸ் போட்டு தனியா கேளுங்க. ரெண்டு பேரு ஒரே நேரத்துல உள்ள வந்து கமிட் அடிச்சா யாரோடது நிக்கும்னு சண்டை வரும், எஃப்லாக் போட்டு ஒருத்தரை மட்டும் விடுங்க. யாரு எப்போ என்ன கமிட் பண்ணாங்கன்னு ஒரு லாக் எழுதுங்க. உள்ள வர்றது ஆளா பைப்பான்னு ஈஸ்ஏடிடிஒய் கேட்டுத் தெரிஞ்சுக்கலாம், பைப்னா நட்சத்திரம் போட்ட ப்ராம்ப்டெல்லாம் காட்டத் தேவையில்ல, ஒரு தப்பு வந்ததும் அங்கேயே நின்னுடணும்.

எல்லாம் முடிஞ்சு அந்தத் தம்பிக்கு ரூட் பாஸ்வேர்டை எடுத்துட்டு, லாகின் பண்ணா நேரா நம்ம ஷெல்லுக்குள்ள வர்ற மாதிரி ஒரு அக்கவுண்ட் குடுத்தோம், சூடோ வழியா ரூட்டா ஓடற மாதிரி. ரெண்டாவது வாரம் வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ அனுப்புறான், "அண்ணே, இது வரணுமா?"ன்னு. ஷோ அடிச்சிருக்கான், லிஸ்ட் நீளமா இருந்ததால நான் அதை லெஸ் வழியா பக்கம் பக்கமா காட்ட விட்டிருந்தேன், அந்த லெஸ்ல அவன் ஒரு ஆச்சரியக்குறியும் பேஷும் அடிச்சு எண்டர் தட்டியிருக்கான், ஸ்க்ரீன்ல ரூட்டோட பேஷ் ப்ராம்ப்ட் வந்து நிக்குது. முன்கதவுக்கு இவ்ளோ பூட்டு போட்டுட்டு சமையல்கட்டு ஜன்னலைத் திறந்தே வெச்சிருக்கேன். லெஸ் செக்யூர்னு ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் இருக்கு, அதுக்கு 1னு குடுத்தா லெஸ் அந்த வேலையெல்லாம் செய்யாது, பசியாறப் போறதுக்கு முன்னாடி எல்லாப் பெட்டியிலயும் அதைப் போட்டுட்டுத்தான் எழுந்தேன்.